மூன்றாவதாக வந்தவர் எல்லோரையும் வென்றிருந்தார்: பர்லிங்டன் 2009

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் இருக்கிறது பர்லிங்டன். சுமார் 45,000 பேர் வாழும் ஊர்தான், ஆனாலும் மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் அதுவே. 1981இல் பெர்னி சாண்டர்ஸ் 10 வாக்கு வித்தியாசத்தில் மேயரானது இங்கேதான். அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் இரண்டு கட்சிகள்தான் மோதிக்கொள்ளும். இங்கே அந்த நாட்களில் டெமாக்ரட், ரிபப்ளிகன் இரண்டோடு சாண்டர்ஸ் வழியில் வந்த புரோகிரசிவ் கட்சியும் சம பலத்தோடு நின்றது. மூவர் மோதும் ஊரில் வாக்குப் பிரிவது பெரிய தலைவலி. அதனால்தான் 2005இல் அந்த மக்கள் தரவரிசை வாக்குமுறைக்கு மாறினார்கள். சீட்டில் ஒரே பெயரைக் குறிப்பதற்குப் பதிலாக 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம். 2006இல் இந்த முறையில் முதன்முதலாக மேயரானவர் புரோகிரசிவ் கட்சியின் பாப் கிஸ்.

2009 மார்ச் 3ஆம் தேதி நடந்த இரண்டாவது தேர்தலில்தான் சிக்கல் வந்தது. வாக்குமுறைகளைப் படிப்பவர்கள் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் தேர்தல் அது. சீட்டுகளில் இருந்த வரிசைகள் முழுத் தரவாக வெளியானதால், யார் வேண்டுமானாலும் வேறு முறையில் எண்ணிப் பார்க்க முடிந்தது.

முதலில், நடந்த எண்ணிக்கை. மொத்தம் 8,980 சீட்டுகள். முதல் விருப்பத்தில் ரிபப்ளிகன் கர்ட் ரைட் 2,951, பாப் கிஸ் 2,585, டெமாக்ரட் ஆண்டி மான்ட்ரால் 2,063, சுயேச்சை டான் ஸ்மித் 1,306, பசுமைக் கட்சியின் ஜேம்ஸ் சிம்ப்சன் 35. யாருக்கும் பாதி இல்லை. விதிப்படி கடைசியில் நின்றவர்களை நீக்கி, அவர்களுடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றினார்கள். ஸ்மித்தும் சிம்ப்சனும் போன பிறகு ரைட் 3,294, கிஸ் 2,981, மான்ட்ரால் 2,554. இப்போது கடைசி மான்ட்ரால், அவரும் நீக்கப்பட்டார். அவருடைய 2,554 சீட்டுகளில் 1,332 கிஸ்ஸுக்கும் 767 ரைட்டுக்கும் போயின, 455 சீட்டுகளில் இந்த இருவரின் பெயருமே இல்லை. முடிவில் கிஸ் 4,313, ரைட் 4,061. கிஸ் மீண்டும் மேயர்.

இதே சீட்டுகளை வைத்து வேறொரு கேள்வி கேட்கலாம். மான்ட்ராலும் கிஸ்ஸும் மட்டும் நின்றிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? ஒவ்வொரு சீட்டிலும் எந்தப் பெயர் மேலே இருக்கிறது என்று பார்த்தாலே போதும். மான்ட்ரால் 4,064, கிஸ் 3,476. சரி, மான்ட்ராலும் ரைட்டும்? மான்ட்ரால் 4,597, ரைட் 3,664. ஸ்மித்தோடு 4,570க்கு 2,997, சிம்ப்சனோடு 6,262க்கு 591. நான்கு பேரையும் நேருக்கு நேர் வென்றவர் மான்ட்ரால். ஆனால் மேயர் நாற்காலிக்கான கடைசிச் சுற்றுக்கே அவர் வரவில்லை.

இப்படி எல்லோரையும் எல்லோரோடும் மோதவிட்டுப் பார்ப்பது இணை ஒப்பீடு. எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடும் லீக் போட்டி மாதிரி. பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்செ 1785இல் இதை விரிவாக எழுதினார், அவருக்கும் 500 வருடம் முன்னால் ரமோன் லுல் என்பவர் இதே திசையில் யோசித்திருக்கிறார். பர்லிங்டன் வைத்திருந்த முறை கழித்துக் கட்டும் முறை. அதில் ஒரு வேட்பாளர் முதலில் தன்னை முதலிடத்தில் வைத்தவர்களின் எண்ணிக்கையால் பிழைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் "இவர் வந்தாலும் சரி" என்று சொல்லப்படும் நடுவாந்திர ஆள் அங்கேதான் அடிபடுகிறார். கிஸ் ஆதரவாளர்களுக்கும் ரைட் ஆதரவாளர்களுக்கும் மான்ட்ரால் இரண்டாவது தெரிவாக இருந்தது தரவில் நன்றாகத் தெரிகிறது. அந்த இரண்டாம் விருப்பங்கள் ஒருபோதும் எண்ணப்படவில்லை, ஏனென்றால் கிஸ்ஸும் ரைட்டும் கடைசிவரை களத்தில் இருந்தார்கள். இலங்கை வாசகர்களுக்கு இது பழக்கப்பட்ட இடம். 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டபோது, முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே மூச்சில் நீக்கப்பட்டார்கள். அந்த இருவருக்கு முதல் வாக்கைப் போட்டவர்களின் இரண்டாம் விருப்பை யாரும் பார்க்கவில்லை.

பர்லிங்டனில் இதன் விளைவு எவ்வளவு கசப்பானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரைட்டை முதலிலும் மான்ட்ராலை இரண்டாவதாகவும் கிஸ்ஸை அதற்குக் கீழும் வைத்தவர்களில் 371 பேர், மான்ட்ராலை முதலிடத்துக்கு ஏற்றியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் ரைட் 2,923, மான்ட்ரால் 2,925, கிஸ் 2,981 என்று நின்றிருக்கும். ரைட் நீக்கப்படுவார், இறுதிச் சுற்றில் மான்ட்ரால் கிஸ்ஸை வென்றுவிடுவார். அதாவது அந்த 371 பேர் தங்களுக்கு மிகவும் பிடித்தவரை முதலில் எழுதியதே, தங்களுக்குப் பிடிக்காதவர் ஜெயிக்க வழி செய்தது. "பயப்படாமல் மனதில் உள்ளதை எழுதுங்கள், வாக்கு வீணாகாது" என்று சொல்லித்தான் இந்த முறையை அவர்களிடம் கொடுத்தார்கள். அந்த வாக்குறுதி இங்கே பொய்த்துப்போனது. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

மக்களும் ஒதுக்கவில்லை. நகரத்தின் தொலைத்தொடர்பு நிறுவனப் பிரச்சினையில் கிஸ்ஸின் மேல் எழுந்த கோபமும் சேர்ந்துகொள்ள, 2010 மார்ச்சில் 3,972க்கு 3,669 என்ற கணக்கில் தரவரிசை முறை ரத்தானது. பதிலுக்கு வந்தது 40% விதி. யாராவது 40 விழுக்காட்டைத் தாண்டினால் அவரே மேயர், இல்லாவிட்டால் முதல் இருவருக்கும் மறுவாக்கு. இந்த விதியை 2009 சீட்டுகளில் பொருத்திப் பாருங்கள். யாரும் 40 விழுக்காட்டைத் தொடவில்லை. முதல் இருவர் ரைட்டும் கிஸ்ஸும். அவர்களுக்கிடையே மறுவாக்கு வைத்தால், சீட்டுகள் சொல்வதை நம்பினால், ஜெயிப்பவர் கிஸ்தான். மருந்தை மாற்றினார்கள், நோய் அப்படியே இருந்தது. மான்ட்ரால் இங்கேயும் நடுவிலேயே விழுந்திருப்பார்.

சரி, அப்படியானால் இணை ஒப்பீட்டில் ஜெயித்தவரை மேயராக்கிவிட்டால் எல்லாம் முடிந்ததா? கழிப்பு முறையை ஆதரிப்பவர்கள் இங்கே ஒரு எதிர்க்கேள்வி வைக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். மான்ட்ராலை முதல் விருப்பமாக எழுதியவர்கள் 23 விழுக்காடுதான். எல்லோருக்கும் இரண்டாவது, யாருக்கும் முதலாவது இல்லை என்கிற மாதிரி ஒருவர் மேயரானால் ஊர் அவரை ஏற்குமா? நேருக்கு நேர் வெல்வது, "அந்த ஆளுக்கு இவர் தேவலை" என்பதை மட்டும்தான் காட்டும். தேவலை என்பதும் ஏற்றுக்கொள்கிறேன் என்பதும் ஒன்றல்ல. வேண்டா வெறுப்பாகவும் ஒருவரை மற்றவருக்கு மேலே எழுதலாம்.

இதற்கு 2009 தரவிலேயே பதில் இருக்கிறதா என்று தேடினேன். பாதிப் பதில் கிடைக்கிறது. சிம்ப்சனுக்கு மேலே ஒருவரை வைக்க வேண்டுமென்றால் அந்த ஒருவரின் பெயரைச் சீட்டில் எழுதியே ஆக வேண்டும். ஆகவே சிம்ப்சனோடு ஒப்பிடும்போது ஒருவர் பெறும் எண்ணிக்கை, குறைந்தது அத்தனை பேர் அவரைத் தங்கள் வரிசையில் சேர்த்தார்கள் என்பதற்கு அத்தாட்சி. மான்ட்ராலுக்கு அது 6,262, அதாவது 8,980 சீட்டில் 69.7 விழுக்காடு. கிஸ்ஸுக்கு 5,514. ரைட்டுக்கு 5,270. வரிசையில் பெயர் எழுதுவதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டால் மான்ட்ரால் தெளிவாக முன்னே நிற்கிறார். ஆனால் கவனியுங்கள், மூன்று பேருமே பாதியைத் தாண்டிவிட்டார்கள். ஒருவர் கிஸ்ஸை நான்காவதாக, "சிம்ப்சனுக்கு இவர் மேல்" என்ற அளவில் மட்டும் எழுதியிருக்கலாம். இன்னொருவர் கிஸ்ஸை மனமார இரண்டாவதாக எழுதியிருக்கலாம். இரண்டும் ஒரே கணக்கில் விழுகின்றன. மறுபக்கம், மான்ட்ராலுக்கும் கிஸ்ஸுக்கும் இடையே 1,440 சீட்டுகள் எதுவுமே சொல்லவில்லை. பெரும்பாலும் இருவரையும் எழுதாமல் விட்டவை. அந்த மௌனம் "இருவரும் வேண்டாம்" என்பதா, "எனக்குத் தெரியாது" என்பதா? சீட்டு அதைக் கேட்கவே இல்லை.

அந்த ஒரு கேள்விதான் பர்லிங்டனில் விடுபட்டது என்பது என் கருத்து. வரிசையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் வந்தால் எனக்குச் சம்மதம், கீழே இருப்பவர்கள் வந்தால் சம்மதமில்லை. கீழே இருப்பவர்களுக்குள்ளும் வரிசை எழுதலாம், தலை தப்பினால் போதும் என்ற நிலைமைக்கு அதுவும் உதவும். இதில் இரண்டு தகவல் கிடைக்கிறது. யார் யாரை வெல்கிறார் என்பது ஒன்று, யாரை எத்தனை பேர் ஏற்கிறார்கள் என்பது மற்றொன்று. சம்மதமானவர்கள் எத்தனை பேரானாலும் அத்தனை பேரையும் குறிக்கும் ஒப்புதல் வாக்கை 1978இல் ஸ்டீவன் பிராம்ஸும் பீட்டர் ஃபிஷ்பர்னும் முறைப்படி ஆராய்ந்தார்கள். பிற்காலத்தில் பிராம்ஸும் ரெம்சி சன்வெரும் வரிசையையும் ஒப்புதலையும் ஒரே சீட்டில் சேர்க்கும் முறைகளைப் பற்றி எழுதினார்கள்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 20 வருடங்களுக்கு மேலாக இதற்கு நெருக்கமான ஒரு முறையில் வாக்களித்து வரும் ஒரு சமூகம் இருக்கிறது. டெபியன் என்ற கட்டற்ற (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்) கணினி இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்கள். உலகம் முழுக்கச் சிதறி இருக்கும் சுமார் ஆயிரம் பேர். தங்கள் தலைவரை வருடாவருடம் தேர்ந்தெடுப்பதிலிருந்து கொள்கைத் தீர்மானங்கள் வரை வாக்கெடுப்பில்தான் முடிவு. 2003இல் தங்கள் சாசனத்தைத் திருத்தி, மார்க்கஸ் ஷூல்ட்ஸே உருவாக்கிய இணை ஒப்பீட்டு முறைக்கு மாறினார்கள். இதில் எனக்குப் பிடித்தது ஷூல்ட்ஸே முறையைவிட அதற்கு முன்னால் வரும் இரண்டு வடிகட்டிகள்தான்.

ஒவ்வொரு சீட்டிலும் "மேற்கண்ட எதுவும் வேண்டாம்" என்று ஒரு வரி இருக்கும். தீர்மானங்களில் முன்பு அது "இன்னும் பேசுவோம்" என்றிருந்தது, 2022இல் மாற்றினார்கள். வாக்காளர் அந்த வரியையும் மற்றவற்றோடு சேர்த்து வரிசைப்படுத்துவார். அதுதான் கோடு. எண்ணும்போது முதல் வடிகட்டி: போதுமான அளவு பேர் ஒரு தெரிவை அந்த வரிக்கு மேலே வைத்திருக்க வேண்டும். தீர்மானங்களுக்கு அந்த அளவு, உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதியின் மூன்று மடங்கு. ஆயிரம் உறுப்பினர் என்றால் ஏறத்தாழ 47 பேர். இரண்டாவது வடிகட்டி: அந்தத் தெரிவு "எதுவும் வேண்டாம்" என்பதை நேருக்கு நேர் வெல்ல வேண்டும். சாசனத்தையே திருத்துவது மாதிரியான விஷயங்களில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வெல்ல வேண்டும். இரண்டையும் தாண்டியவை மட்டும் களத்துக்கு வரும். அதன் பிறகே அவை ஒன்றோடொன்று மோதும்.

நம் ஊர் நோட்டாவை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த அந்தப் பொத்தானுக்கு நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் முடிவை மாற்றும் சக்தி கிடையாது. நோட்டாவே அதிக வாக்கு வாங்கினாலும், அடுத்து நிற்கும் வேட்பாளர் ஜெயித்ததாக அறிவிக்கப்படுவார். டெபியனின் நோட்டாவுக்குப் பல் இருக்கிறது. அதை வெல்லாதவர் ஜெயிக்கவே முடியாது. அதோடு, அது எல்லோரையும் மொத்தமாக நிராகரிக்கச் சொல்வதில்லை. "இந்த இருவர் பரவாயில்லை, அந்த மூவர் வேண்டாம்" என்று சொல்ல இடம் தருகிறது.

டெபியனில் இந்த முறை நடுவில் நிற்கும் தெரிவுகளைத் தேர்ந்தெடுத்த தருணங்கள் உண்டு. 2019 டிசம்பரில் கணினியைத் துவக்கும் மென்பொருள் பற்றிய நீண்ட சண்டையில் 7 தீர்மானங்கள் மோதின. ஜெயித்தது, "சிஸ்டம்டிதான் (அப்படி ஒரு துவக்க மென்பொருளின் பெயர்), ஆனால் மாற்றுகளைத் தேடிப் பார்ப்பதையும் ஆதரிப்போம்" என்ற தீர்மானம். 2021இல், சர்ச்சையில் விலகியிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தான் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவுக்குத் திரும்பியபோது, கண்டிப்பதிலிருந்து ஆதரிப்பது வரை பல தீர்மானங்கள் வந்தன. ஜெயித்தது, "இதில் டெபியன் பொது அறிக்கை எதுவும் வெளியிடாது" என்பது. இரண்டு பக்கமும் கொதித்துப்போயிருந்த நேரத்தில் பெரும்பாலானோர் பொறுத்துக்கொள்ளக்கூடிய முடிவு அதுவாகத்தான் இருந்தது. கழிப்பு முறையில் இப்படிப்பட்ட தெரிவுகள் முதல் சுற்றுகளிலேயே காணாமல் போகும் ஆபத்து உண்டு. மான்ட்ராலுக்கு நடந்தது அதுதானே.

இணை ஒப்பீட்டின் மேல் வைக்கப்படும் இன்னொரு குற்றச்சாட்டு, சுழல். 'அ' என்பவர் 'ஆ'வை வெல்வார், 'ஆ' 'இ'யை வெல்வார், 'இ' 'அ'வை வெல்வார். எல்லோரையும் வென்றவர் என்று ஒருவரே இருக்கமாட்டார். நிஜத் தேர்தல்களில் இது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2021இல் மினியாபோலிஸ் நகரமன்றத்தின் 2ஆம் வார்டுத் தேர்தலில் ராபின் வான்ஸ்லி வொர்லோபா, யுஸ்ரா அராப், கேம் கார்டன் மூவரும் இப்படிச் சுழன்றார்கள். வொர்லோபா அராபை வென்றார், அராப் கார்டனை, கார்டன் வொர்லோபாவை. கழிப்பு முறையில் கார்டன் நீக்கப்பட, வொர்லோபா உறுப்பினரானார்.

சுழலை அவிழ்க்க ஷூல்ட்ஸே முறை வெற்றிகளின் பலத்தைப் பார்க்கும். அங்கே ஒப்புதலுக்கு வேலை இல்லை, அது வாசலிலேயே முடிந்துவிட்டது. ஒப்புதலையே சுழலுக்குள்ளும் கொண்டுவரும் முறைகளும் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இதுதான்: எல்லோரையும் வெல்பவர் இருந்தால் அவரே. இல்லையென்றால், ஒப்புதல் மிகக் குறைந்தவரை நீக்கிவிட்டு மீண்டும் பாருங்கள், அப்படி ஒருவர் வரும்வரை. மினியாபோலிஸில் கோடு இருந்திருந்து, கார்டனுக்கு ஒப்புதல் மிகக் குறைவு என்று வந்திருந்தால், மிச்சமிருக்கும் இருவரில் வொர்லோபா ஜெயிப்பார். அராபுக்கு அவரைவிட அதிக ஒப்புதல் இருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் நேர் மோதலில் வொர்லோபா அவரை வென்றிருக்கிறார். வொர்லோபாவுக்கே ஒப்புதல் மிகக் குறைவு என்றால் அராப் ஜெயிப்பார், அவர் கார்டனை வென்றவர். இந்த முறையில் ஜெயிப்பவர் அதிகபட்ச ஒப்புதல் பெற்றவராக இருப்பார், இல்லையென்றால் அந்த அதிகபட்ச ஒப்புதல்காரரை நேருக்கு நேர் வென்றவராக இருப்பார். தோற்றவரின் ஆதரவாளர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லக்கூடிய காரணம் இது.

இதில் ஓட்டை இல்லை என்று சொல்லமாட்டேன். கோடு வந்ததும் அதை வைத்து விளையாடலாம். எனக்கு மான்ட்ரால் உண்மையில் சம்மதம்தான், ஆனால் கிஸ் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக மான்ட்ராலைக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடலாம். டெபியன் உறுப்பினர்கள் இந்த ஆபத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற இடத்தில், பாதிப் பேர் சேர்ந்து அப்படிச் செய்தால்தான் ஒருவர் வெளியேறுவார். மூன்றுக்கு ஒன்று வேண்டும் என்ற இடத்திலோ, கால்வாசியைத் தாண்டிய கூட்டம் நினைத்தாலே ஒரு தெரிவைக் கொன்றுவிடலாம். அப்புறம் மறதியும் உண்டு. டெபியன் விதிப்படி எழுதாமல் விட்டவை எல்லாம் கடைசியில் சமமாக நிற்கும். "எதுவும் வேண்டாம்" என்ற வரியை ஒருவர் எழுதாமல் விட்டால், அவர் எழுதிய எல்லாப் பெயர்களும் கோட்டுக்கு மேலே போய்விடும். மென்பொருள் ஆட்களுக்கு இது பழகிவிடும், ஒரு நகரத்தின் எல்லா வாக்காளரும் இதைச் சரியாகச் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நகரத் தேர்தலில் கோடு யாரையும் வெளியேற்றும் வடிகட்டியாக இருக்க வேண்டாம், சுழல் வரும்போது மட்டும் அவிழ்க்கும் கருவியாக இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு. அப்போது கோட்டோடு விளையாடுவதில் கிடைக்கும் லாபமும் மிகக் குறைவு. யாருக்கு எத்தனை ஒப்புதல் என்ற எண்ணிக்கையை மட்டும் வெளியிட வேண்டும். 2009இல் அப்படி நடந்திருந்தால், சுழல் இல்லாத அந்தத் தேர்தலில் மான்ட்ரால் ஜெயித்திருப்பார். "23 விழுக்காட்டு மேயர்" என்ற பேச்சுக்கு எதிரே, அவரை எத்தனை பேர் உண்மையில் ஏற்றார்கள் என்ற எண்ணும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்திருக்கும். அது 30 விழுக்காடாகக்கூட இருந்திருக்கலாம். அப்படியிருந்தால் அதையும் ஊர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பர்லிங்டன் மறுபடியும் தரவரிசைக்குத் திரும்பிவிட்டது. 2021இல் நகரமன்றத் தேர்தலுக்கு, 2023இல் மேயர் தேர்தலுக்கும் மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். ஆனால் எண்ணும் விதம் அதே பழைய கழிப்பு முறைதான், சீட்டில் கோடும் இல்லை.

மாற்றுவது கடினமா என்றால், எண்ணுகிறவர்களின் பக்கம் இது உண்மையில் எளிது. கழிப்பு முறையில் யாரை முதலில் நீக்குவது என்று தெரிய எல்லா வார்டுகளின் சீட்டுகளும் ஓரிடத்தில் சேர வேண்டும். இணை ஒப்பீட்டில் அப்படி இல்லை. 5 வேட்பாளர் என்றால் ஒவ்வொரு வார்டும் 20 நேர் மோதல் எண்களையும் 5 ஒப்புதல் எண்களையும் எண்ணினால் போதும், மொத்தம் 25 எண். அதை ஒரு தாளில் எழுதி வாக்குச்சாவடிக் கதவில் ஒட்டிவிடலாம். 2009இல் பர்லிங்டனில் 7 வார்டுகள். 7 தாளையும் கூட்டினால் முடிவு கையில்.